நெடுந்தூரப் பயணத்துக்கு பைக் சீட்டைச் சரிசெய்வது எப்படி?

சென்னையிலிருந்து மதுரை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் அந்தத் தூரத்தை பைக்கில் கடப்பவர், இடையில் நிறுத்தும் நேரத்தையும் சேர்த்தால், எட்டு ஒன்பது மணி நேரத்தை வண்டியோடு கழிக்க வேண்டியிருக்கும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் வண்டிகளின் சீட்டோ அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வருவதை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. விழுப்புரம் வருவதற்குள் உட்காரும் இடம் மரத்துப்போவதும், உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்பே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட்டத் தொடங்குவதும் இதனால்தான்.

இதற்குப் பலரும் உடனே தேடுவது, சீட் கவர் கடைக்குப் போய் இன்னும் கொஞ்சம் மெத்தென்ற பஞ்சை உள்ளே வைத்துத் தைத்துக்கொள்வது. அது பெரும்பாலும் வலியைக் கூட்டவே செய்யும். நாம் உட்காரும்போது உடலின் எடை முதலில் இடுப்பெலும்பின் அடிப்பக்கத்தில் உள்ள இரண்டு முனைகளின் மீது இறங்குகிறது. மென்மையான ஃபோம் அந்த இரு இடங்களிலும் முழுவதுமாக நசுங்கிவிடுவதால், எலும்பு ஏறக்குறைய சீட்டின் அடித்தட்டின் மீதே உட்கார்ந்துவிடுகிறது. சுற்றியுள்ள தசையும் தொடையும் எடையில் தங்கள் பங்கை வாங்கிக்கொள்வதில்லை. கொஞ்சம் கெட்டியான ஃபோம் மெதுவாக அமிழ்ந்து, எடையைப் பரந்த பரப்பின் மீது பங்கிடுகிறது. கடையில் கட்டைவிரலால் அழுத்தியபோது சுகமாகத் தோன்றிய சீட் திண்டிவனத்தில் பலகையாகிவிடுவதற்கு இதுவே காரணம். ஆகவே நாம் தேடவேண்டியது மென்மையை அல்ல. எடை பரவலாக இறங்குவதையும், உடல் முன்னால் சறுக்காமல் ஓரிடத்தில் நிற்பதையும்தான்.

புது வண்டி வாங்கியவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கம்பெனி சீட்டின் ஃபோம் தொடக்கத்தில் விறைப்பாகத்தான் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே அது உங்கள் உடலுக்கு இணங்கி வரும். அதற்குமுன் கத்தியை எடுப்பது வீண்.

முதல் படி: வலி எங்கே என்று கண்டுபிடியுங்கள்

எல்லா வலிக்கும் ஃபோம் காரணமல்ல. அடுத்த பயணத்தில், வலி தொடங்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, அது சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் புள்ளி வைத்தாற்போல் வலித்தால் ஃபோம் நசுங்கிவிட்டது என்று பொருள். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, அடிக்கடி பின்னால் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தாலோ, சீட் டேங்கை நோக்கிச் சரிகிறது. உள்தொடை உராய்ந்து எரிந்தால் சீட்டின் முன்விளிம்பு அகலமாகவோ கூர்மையாகவோ இருக்கிறது. முதுகெலும்பின் நுனியில், அதாவது வாலெலும்பில் வலித்தால், நீங்கள் கூனி உட்காருகிறீர்கள் அல்லது பின்பக்க ஷாக் அப்சர்பர் உங்கள் எடைக்குப் பொருந்தாமல் குழிகளின் அடியை நேராக மேலே அனுப்புகிறது. தோல் மட்டும் எரிந்து வேர்க்குரு போலக் கிளம்பினால் குற்றவாளி வியர்வையும் உடையும். சீட்டைத் தொடவே வேண்டாம்.

கூடவே ஒரு சிறு அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நெளிவு வைத்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, சிமென்ட் படிக்கட்டில் போட்டு, முழங்கால் சற்று உயரும்படியும் உடம்பு வண்டியில் சாயும் அளவுக்குச் சாயும்படியும் அதன்மேல் ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்த பிறகு அட்டையை விரலால் தடவினால் இரண்டு பள்ளங்கள் தட்டுப்படும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் அமையும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சீட்டில் நீங்கள் உண்மையாக உட்காரும் இடத்தில், அந்த இரு புள்ளிகளும் தட்டையான பரப்பின் மீது விழ வேண்டும். வளைந்து கீழே இறங்கும் ஓரங்களின் மீது விழுந்தால், எவ்வளவு விலை உயர்ந்த ஃபோம் வைத்தாலும் உடல் பிளவுபட்டது போன்ற வலி நீங்காது. அங்கே சீட்டை அகலப்படுத்துவதே வழி.

மூலம், முதுகுத் தட்டு விலகல் போன்ற தொல்லைகள் உள்ளவர்களும், வண்டியை விட்டு இறங்கி வெகுநேரமாகியும் காலிலோ தொடையிடுக்கிலோ மரப்பு நீங்காதவர்களும் சீட் கடைக்குப் போவதற்குமுன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

இரண்டாம் படி: செலவில்லாத திருத்தங்கள்

பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு பக்க இடுப்பை மட்டும் ஒரு விரல் அளவுக்குத் தூக்கி வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டினால் இடுப்பும் முதுகும் வலிக்கத்தான் செய்யும். தடித்த தையல் உள்ள ஜீன்ஸும், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும் பருத்தி உள்ளாடையும் நெடும்பயணத்துக்கு ஏற்றவை அல்ல. சீக்கிரம் உலரக்கூடிய, தொடை வரை நீண்ட விளையாட்டு உள்ளாடை நல்லது. சைக்கிள் ஓட்டுபவர்கள் அணியும் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை சிலருக்குப் பொருந்துகிறது. ஆனால் அது சைக்கிளின் ஒடுங்கிய சீட்டுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதால், அகன்ற பைக் சீட்டில் மடிந்து உறுத்தவும் கூடும். வாங்குமுன் யாரிடமாவது இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்ல முடியாத பொருள் இது. ஆகவே மலிவானதில் தொடங்குங்கள்.

அடுத்து டயர் காற்று. செயின் கவர் அருகிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் தாளில், தனியாக ஓட்டும்போது எவ்வளவு, இருவர் போகும்போது எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கும். பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர் வழக்கமாக வைக்கும் அளவை நம்பி விட்டுவிடாமல், அந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள். பின்பக்கம் இரட்டை ஷாக் உள்ள வண்டிகளில், ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றும் படிகள் இருக்கும். வண்டியோடு வந்த கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பலாம். தனியாக, சுமையின்றிப் போகிறவர் மிக விறைப்பான படியில் வைத்திருந்தால் ஒவ்வொரு வேகத்தடையும் வாலெலும்பில் தெரியும்; இருவரும் பையும் ஏறிய வண்டி மிக மென்மையான படியில் இருந்தால் ஷாக் அடிவரை இறங்கி இடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருப்பது கட்டாயம்.

ஹேண்டில்பாரும் இதில் சேரும். கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் இடுப்பு முன்னால் உருண்டு, எடை தொடையிடுக்குக்குப் போகிறது. ஹேண்டில்பாரின் பிடி நட்டுகளைத் தளர்த்தி, ஓட்டுபவரை நோக்கிச் சில மில்லிமீட்டர் திருப்பினாலே சில வண்டிகளில் வேறுபாடு தெரியும். திருப்பிய பிறகு இருபுறமும் முழுவதுமாக ஒடித்துப் பார்த்து, கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் கேபிள்கள் இழுபடவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

மூன்றாம் படி: சீட்டின் மேல் போடுபவை

ஆண்டுக்கு ஒருமுறை இருமுறை மட்டும் நெடுந்தூரம் போகிறவருக்கு சீட்டைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. மேலே கட்டிக்கொள்ளும் மெத்தைகளில் காற்று மெத்தைதான் என் கணிப்பில் முதலிடம் பெறுகிறது. ஏர்ஹாக் என்ற பெயரில் வருவது இவற்றில் பெயர் பெற்றது. அதே முறையில் செய்யப்பட்ட விலை குறைந்தவையும் இங்கே கிடைக்கின்றன. உள்ளே ஒன்றோடொன்று தொடர்புடைய சிறு காற்றறைகள் இருப்பதால், ஓரிடத்தில் அழுத்தம் கூடினால் காற்று பக்கத்து அறைகளுக்கு நகர்ந்து எடையைச் சமன்செய்கிறது. இதை வாங்கியவர்களில் பலர் பந்து போல ஊதிவிட்டு, வண்டி ஆடுகிறது என்று குறைசொல்கிறார்கள். சரியான முறை வேறு. பாதி அளவுக்கு ஊதி, சீட்டில் கட்டி, மேலே உட்கார்ந்தபடியே வால்வைத் திறந்து காற்றை மெல்ல விட வேண்டும். எலும்பு முனைகள் சீட்டைத் தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளி இருக்கும் நிலையில் மூடிவிட வேண்டும். மிதப்பது போன்ற உணர்வு சிறிதும் இருக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திவைத்தால் காற்று விரியும். பயணத்தைத் தொடருமுன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வலைப்பின்னல் கொண்ட நெட் கவர் எடையைப் பங்கிடாது. காற்றோட்டம் தரும், மழைக்குப் பிறகு சீக்கிரம் காயும். வியர்வைதான் தொல்லை என்றால் அதுவே போதும், விலையும் குறைவு. ஜெல் பேடு எடையை ஓரளவு பரப்பும் என்றாலும், வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டியில் அது சூட்டைத் தேக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் விடாது. கட்டில்லாமல் சும்மா வைத்து உட்காரும் வளைய மெத்தை, தலையணை போன்றவற்றை வண்டியில் பயன்படுத்தவே கூடாது. திடீரென்று பிரேக் போடும்போது அவை உங்களோடு சேர்ந்து நகரும்.

நான்காம் படி: சாய்வு

சீட் முன்னால் சரிகிறதா என்று பார்க்க, வண்டியை மெயின் ஸ்டாண்டில் போடாதீர்கள். அதில் பின்சக்கரம் தூக்கப்படுவதால் எல்லாச் சீட்டும் முன்னால் சரிவதாகவே தெரியும். இரு சக்கரங்களும் தரையில் இருக்க, நீங்கள் உட்கார்ந்திருக்க, மற்றொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சரிவு இலேசாக இருந்தால், சீட்டுத் தட்டின் முன்பக்க ரப்பர் புஷ்களுக்கு அடியில் கூடுதல் ரப்பர் வாஷர் வைத்து ஐந்து பத்து மில்லிமீட்டர் உயர்த்தலாம். ஆனால் முன்னால் நாக்கு போன்ற தகடு சட்டத்துக்குள் செருகி, பின்னால் சாவியால் பூட்டும் வகைச் சீட்டுகளில் அந்தத் தகடு முழுவதுமாக உள்ளே போகிறதா, பூட்டு ‘டக்’ என்று விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் வாஷரை எடுத்துவிட்டு, ஃபோமின் முன்பகுதியில் ஆப்பு வடிவத் துண்டு வைப்பதே பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: ஃபோமை மாற்றுதல்

இதுவரை சொன்னவை போதவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள். வேலையைத் தொடங்குமுன் இரண்டாவதாக ஒரு சீட் வாங்கிக்கொள்வது நல்லது. பரவலாக ஓடும் வண்டிகளுக்கு முழுச் சீட்டும் ஸ்பேர் கடைகளில் கிடைக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் பழைய சீட்டுக்குப் புதுப்பேட்டையிலும், புது உறைக்கும் மற்ற துணைப் பொருள்களுக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடலாம். ராயல் என்ஃபீல்டு போன்ற சில நிறுவனங்கள் பயணத்துக்கென்றே அகலமான சீட்டைத் தாங்களே விற்கின்றன. அது உங்கள் வண்டிக்குக் கிடைக்குமானால், வெட்டி ஒட்டும் வேலைக்கு முன் அதில் உட்கார்ந்து பாருங்கள். எப்படியானாலும் கம்பெனி சீட் கெடாமல் வீட்டில் இருப்பது, வண்டியை விற்கும்போதும் உதவும்.

சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, உறையைப் பிடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின்களைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, நோஸ் பிளேயரால் இழுத்து எடுக்க வேண்டும். ஒரு பின்கூட அடித்தட்டில் பாதியாக நிற்கக் கூடாது. உறையைக் கிழிக்காமல் வைத்திருந்தால் புது உறைக்கு அதுவே அளவாகும். அடித்தட்டில் விரிசல் இருக்கிறதா, ரப்பர் புஷ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு புஷ் உதிர்ந்திருந்தால் தட்டு சட்டத்தில் நேராக இடித்துக்கொண்டிருக்கும், அந்த அதிர்வை எந்த ஃபோமும் மறைக்காது. ஃபோம் ஈரமாக இருந்தால் நிழலில் நிறுத்திவைத்துக் காய விடுங்கள். மஞ்சளாகி, கிள்ளினால் உதிர்ந்தால் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான்.

ஃபோம் கடைக்காரர் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வது ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. சோபாவுக்கு ஏற்ற அந்த வகைகள் பைக் சீட்டின் அடிப்படையாக நிற்க மாட்டா. துணுக்கு ஃபோம்களைச் சேர்த்து அழுத்திச் செய்யப்படும், பல வண்ணப் புள்ளிகளோடு இருக்கும் ரீபாண்டட் ஃபோம் 80, 100 டென்சிட்டி அளவில் கிடைக்கிறது. அதுதான் அடியில் இருக்க வேண்டியது. தேர்ந்தெடுக்கும்போது விரலால் அழுத்தாதீர்கள். துண்டைத் தரையில் போட்டு, ஒற்றை முழங்காலை அதன்மேல் ஊன்றி, உடல் எடையை அதில் இறக்கி ஒரு நிமிடம் இருங்கள். தரை முழங்காலில் தட்டுப்பட்டால் அந்தத் துண்டு வேண்டாம். அமிழ்ந்தும் தரை தெரியாமல் தாங்கினால் அதை வாங்கலாம்.

இனி வெட்டுவது. வழக்கமாக அணியும் பேன்ட்டோடு சீட்டில் உட்கார்ந்து, நீங்கள் உட்காரும் பரப்பைச் சுற்றி மற்றொருவரைச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தப் பரப்பில் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுத்த பிறகும், அடியில் குறைந்தது அதே அளவு பழைய ஃபோம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்றால் குழி வெட்டாமல் மேலே அடுக்குங்கள். அப்போது சீட் உயரும் என்பதால், காலணியோடு இரு பாதங்களும் தரையை எட்டுகின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய ஹேக்சா பிளேடோ, நீண்ட ரொட்டிக் கத்தியோ போதும். அழுத்தாமல், நீளமாக இழுத்து வெட்டினால் வெட்டுமுகம் நேராக வரும். வெட்டிய இடத்தில் ரீபாண்டட் ஃபோமை வைத்து, அதன்மேல் முழுச் சீட்டையும் மூடும்படி 10 முதல் 15 மில்லிமீட்டர் தடிப்பில் நடுத்தர ஃபோம் ஒன்றைப் போர்த்த வேண்டும். மேலடுக்கின் வேலை, கீழே உள்ள இணைப்புகள் உடலில் தட்டாமல் மறைப்பது மட்டுமே.

அகலப்படுத்துகிறவர்கள் பின்பாதியை மட்டும் அகலப்படுத்துங்கள். தட்டின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டருக்குமேல் ஃபோம் நீண்டால், அடியில் தாங்க ஒன்றுமில்லாமல் தொங்கிவிடும். முன்பாதியில், டேங்கை ஒட்டிய விளிம்புகளை மாறாகச் சீவிக் குறைக்க வேண்டும். தொடை அங்கே உராயாது, காலும் தரையை எளிதாக எட்டும்.

ஒட்டுவதற்கு ஃபோம் கடைகளில் எஸ்.ஆர். என்று கேட்டால் கிடைக்கும் ரப்பர் பசை ஏற்றது. இரண்டு பரப்புகளிலும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். சேர்ந்துவிட்டால் நகர்த்த முடியாது. பசை ஓரிடத்தில் தேங்கினால் காய்ந்தபின் கட்டியாகி உறுத்தும். இதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாமல் செய்யுங்கள். காய்ந்தபின், மரக்கட்டையில் சுற்றிய முரட்டு உப்புத்தாளால் மேடுகளைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள், முகக்கவசம் வேண்டும்.

உறை போடுவதற்குமுன் ஓட்டிப் பாருங்கள். இந்த ஒன்றைத்தான் கடைகளில் செய்து தருவதில்லை; வீட்டில் செய்வதன் முழுப் பயனும் இதில் இருக்கிறது. ஃபோமின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டி, நுனிகள் செயினையோ சக்கரத்தையோ சைலன்சரையோ நெருங்காதபடி உள்ளே செருகி, அருகில் உள்ள சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். உறுத்தும் இடத்தில் குறி வைத்து, வந்து சீவி, மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை திருத்த வேண்டியிருக்கும்; உறை ஏறிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

ஆறாம் படி: உறை

தைக்கும் வேலையை மட்டும் சீட் கவர் டைலரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுத் தையல் இயந்திரம் ரெக்சினுக்குத் தாங்காது. அவரிடம் சொல்ல வேண்டியவை சில. உட்காரும் பரப்பின் நடுவில் தையல் கோடோ, பைப்பிங்கோ, கட்டம் கட்டமான அலங்காரமோ வேண்டாம்; ஒவ்வொரு ஊசித்துளையும் மழைநீர் இறங்கும் வழி, நனைந்த ஃபோமில் மறுநாள் காலை உட்கார்ந்தால் பேன்ட் நனைவது அதனால்தான். ஃபோமுக்கும் உறைக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைக்கச் சொல்லுங்கள். ரெக்சின் பளபளப்பாக இருந்தால் சறுக்கும். சொரசொரப்பான, இழுத்தால் சற்று நீளும் வகை நல்லது. பார்க்க அழகு என்று முழுக் கறுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் நம் ஊர் வெயிலையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டுவதை நீங்களே செய்யலாம். உறையை அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். முதலில் முன்பக்க நடுவில் ஒரு பின், பின்பக்க நடுவில் ஒரு பின், பிறகு இருபுறமும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மாறி மாறி இழுத்து அடித்துக்கொண்டு போக வேண்டும். பிளாஸ்டிக் தட்டுக்கு 6 மில்லிமீட்டர் பின் பெரும்பாலும் போதும். நீளம் கூடினால் முனை தட்டைத் துளைத்து ஃபோமுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். துருப்பிடிக்காத பின் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பின்னால் உட்காருபவரை மறந்துவிட வேண்டாம். ஓட்டுபவரின் இடத்தை மட்டும் பள்ளமாக்கிவிட்டால், நடுவில் எழும் மேடு பின்னால் இருப்பவரின் உள்தொடையை அழுத்தும். அவருடைய பரப்பு தட்டையாக, முன்னால் சரியாமல் இருக்க வேண்டும். சரிந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் எடையை உங்கள் முதுகு தாங்கும். பந்தய வண்டிகளின் உள்ளங்கையளவுப் பின்சீட்டுக்கு எந்த ஃபோமாலும் விமோசனம் கிடையாது. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள சீட்டின் குறுக்கே வரும் வாரை, புது உறை போடும்போது பல கடைகளில் விட்டுவிடுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, வண்டியில் உறுதியாகப் பொருத்திய முறையான சீட்டில்தான் அவர் உட்கார வேண்டும் என்கிறது. பக்கவாட்டுக் கம்பி இல்லாத வண்டியில் வாரை மீண்டும் பொருத்தாமல் சீட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

வேலை முடிந்ததும் சீட்டைப் பூட்டி, பின்முனையைக் கையால் மேலே இழுத்துப் பாருங்கள். ஃபோம் தடித்ததால் பூட்டு அரைகுறையாக விழுந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். முதல் பயணத்தை 100 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெடும்பயணத்துக்குப் புறப்படும் முந்தின நாள் சீட்டை மாற்றக் கூடாது. எவ்வளவு நல்ல சீட்டிலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். இடையில், சாலை காலியாக இருக்கும்போது, ஃபுட்ரெஸ்ட்டில் பாதத்தை அழுத்தி இடுப்பைச் சில நொடிகள் இலேசாகத் தூக்கினால் அழுத்தப்பட்ட தசைக்கு இரத்தம் மீண்டும் ஓடும். அந்த முதல் பயணம் முடிந்து வந்ததும் சீட்டைக் கவிழ்த்து, கழன்ற பின்களுக்குப் பதிலாகப் புதியவற்றை அடித்து, உறை தளர்ந்த இடங்களை மறுபடி இழுத்துவிடுங்கள். புது ஃபோம் அமிழ்ந்ததால் ஓரங்களில் சுருக்கம் விழுந்திருக்கும்.